கிணற்று வலயத்துக்குள் காணி வாங்குமுன்: ஒன்ராறியோ குடிநீர்ப் பாதுகாப்பு விதிகள், படிப்படியாக

ரொறொன்ரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம் இருப்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை ஏற ஏற நம்மவர்கள் ஸ்ரூவில், ஜோர்ஜ்ரவுன், ஒரேஞ்ச்வில், கிச்சினர், குவெல்ஃப் என்று தள்ளிப் போகிறார்கள். அந்த ஊர்களில் நகரசபைக் குழாயில் வரும் தண்ணீரில் முழுவதுமோ ஒரு பங்கோ நிலத்தடிக் கிணறுகளில் இறைத்ததாக இருக்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வோக்கர்ரன் என்ற சிறு ஊரில் இப்படியான ஒரு கிணற்றுக்குள் மாட்டெருக் கிருமி இறங்கி 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்குமேல் நோயாளியானார்கள். அதன் பிறகு வந்த 2006ஆம் ஆண்டுச் சுத்தமான நீர்ச் சட்டத்தின் கீழ், நகரசபைக் கிணறுகளையும் ஏரி, ஆற்று நீர் உள்ளெடுப்புகளையும் சுற்றி வலயங்கள் கீறப்பட்டிருக்கின்றன. அந்த வலயத்துக்குள் என்ன கட்டலாம், என்ன தொழில் செய்யலாம், எதைச் சேமிக்கலாம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு.

காணியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நகரசபை வகுத்திருக்கும் வழக்கமான சோனிங் விதியை முகவர் பார்த்துச் சொல்லிவிடுவார். இந்த வலயத்தைப் பலரும் பார்ப்பதில்லை. சோனிங்கில் "வாகனத் திருத்தம் அனுமதி" என்று இருக்கும் காணியிலேயே நீர்ப் பாதுகாப்புத் திட்டம் அதைத் தடுத்திருக்கக்கூடும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் நான்கு படிகளும் ஒஃபரில், அதாவது காணியை வாங்கக் கொடுக்கும் விலைக் கோரிக்கையில், கையெழுத்து வைக்குமுன் முடிந்தால் நல்லது.

1. முகவரியை வரைபடத்தில் தேடுங்கள்

மாகாண அரசின் 'சோர்ஸ் புரொடெக்ஷன் இன்ஃபமேஷன் அற்லஸ்' இணையத்தில் இலவசம். முகவரியைக் கொடுத்து, காணியின் மேல் கிளிக் செய்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் வலயத்தின் பெயர், மேலே கொட்டும் அழுக்கு குடிநீரை எவ்வளவு எளிதில் எட்டும் என்று காட்டும் 'வல்னரபிலிற்றி ஸ்கோர்' என்ற புள்ளி, எந்தப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வருகிறது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். திரையைப் படம் பிடித்துத் திகதியோடு வைத்திருங்கள். புதிய கிணறு தோண்டும்போதும் பழைய கிணற்றை மூடும்போதும் வலயங்கள் மாறுகின்றன. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் பார்த்துச் சொன்னதை நம்பவேண்டாம்.

ஒரு காணியின் நடுவே வலயக் கோடு ஓடலாம். அப்போது காணியின் நான்கு மூலையிலும் தனித்தனியாகக் கிளிக் செய்யுங்கள். விதி அந்த வேலை நடக்கும் இடத்தைப் பார்க்கிறது. எண்ணெய்த் தாங்கியை அல்லது கழிவுநீர்ப் படுக்கையைக் கோட்டுக்கு வெளியே உள்ள மூலைக்கு நகர்த்தினால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுவதும் உண்டு. வரைபடம் கீறும் பொறியியலாளரிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்குச் சொந்தமான தனிக் கிணறு இந்த வலயங்களுக்குள் சேராது. அதன் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு.

2. எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன

நகரசபைக் கிணற்றைச் சுற்றியுள்ள வலயங்களுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் கிணற்றிலிருந்து 100 மீற்றர் ஆரம். பி என்றால் அந்த இடத்தில் நிலத்துக்குள் இறங்கும் நீர் கிணற்றை அடைய 2 வருடத்துக்குள் ஆகும். சி 5 வருடம், டி 25 வருடம். வட்டமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நிலத்தடி நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வலயம் நாக்குப் போல நீண்டிருக்கும். கிணறு கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்க, உங்கள் காணி பி வலயத்துக்குள் நிற்கலாம்.

புள்ளி 10 வரை போகும். ஏ வலயத்துக்கு எப்போதும் 10. பி வலயத்தில் மண்ணையும் பாறையையும் பொறுத்து 6, 8 அல்லது 10. களிமண் தடிப்பாக மூடியிருந்தால் புள்ளி குறையும். மணலும் சரளையும் என்றால் ஏறும். சி 8ஐத் தாண்டாது, டி 6ஐத் தாண்டாது. செப்ரிக்கும் (வீட்டுக் கழிவுநீரைக் காணிக்குள்ளேயே தாங்கியில் தேக்கி மண்ணுக்குள் விடும் அமைப்பு) எரிபொருளும் பெரும்பாலும் 10 புள்ளியில்தான் சட்டத்தின் கடுமையான பிடிக்குள் வருகின்றன.

ஏரிக்கரைக் காணிகளுக்கு எழுத்துக்குப் பதிலாக நீர் உள்ளெடுப்பு வலயம் 1, 2 என்று வரும். பேரேரிகளில் முதல் வலயம் உள்ளெடுப்புக் குழாயிலிருந்து 1 கிலோமீற்றர் ஆரம். இரண்டாவது, கசிவு ஏதும் நடந்தால் 2 மணித்தியாலத்தில் குழாயை எட்டக்கூடிய பரப்பு.

'கியூ' என்ற எழுத்தும் வரலாம். அது தண்ணீரின் தரத்தைப் பற்றியதல்ல, அளவைப் பற்றியது. அங்கே புதிதாகக் கட்டுபவர், கட்டுமுன் மண்ணுக்குள் இறங்கிய மழைநீரின் அளவு கட்டிய பிறகும் இறங்கும் என்று காட்டவேண்டும். இதற்கு நீர்ச் சமநிலை அறிக்கை கேட்பார்கள். நிலத்தடி நீர் வல்லுநர் ஒருவர் எழுதவேண்டும், செலவு ஆயிரக்கணக்கான டொலர். இதில் வழக்கமாக விடும் பிழை: கூரைத் தண்ணீரையும் பார்க்கிங் தண்ணீரையும் ஒரே ஊறுகுழிக்குள் விடுவது. கூரைத் தண்ணீர் சுத்தமானது, மண்ணுக்குள் விடலாம். பார்க்கிங் தண்ணீரில் உப்பும் எண்ணெயும் கிடக்கும். இரண்டுக்கும் தனிக் குழாய் கீறாத வரைபடம் திருப்பி அனுப்பப்படும்.

3. உங்கள் வேலை பட்டியலில் இருக்கிறதா

சட்டம் 22 வகைச் செயல்களைக் குடிநீருக்கு அச்சுறுத்தல் என்று பட்டியலிட்டிருக்கிறது. நம்மவர்கள் அதிகம் மாட்டுப்படுவது இவற்றில்:

கராஜ், ட்றை கிளீனிங், அச்சகம், தளபாடம் மெருகிடல். இங்கே சிக்கல், தண்ணீரை விடக் கனமான குளோரின் கரைப்பான்கள். அவை நிலத்தடி நீரில் மிதக்காமல் அடிவரை இறங்கித் தங்கிவிடும். எடுப்பது மிகக் கடினம். அதனால் ஏ, பி, சி மூன்று வலயங்களிலும், புள்ளி என்னவாக இருந்தாலும், சிறு அளவுகூடக் கணக்கில் வரும். கராஜ் வைத்திருப்பவர்கள் தட்டில் உள்ள பிரேக் கிளீனர் ரின்னைத் திருப்பி, பின்பக்கச் சிட்டையில் 'ரெற்றாகுளோரோஎதிலீன்', 'ட்றைகுளோரோஎதிலீன்' என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அதே கடையில் குளோரின் இல்லாத பிரேக் கிளீனர் கிடைக்கும். அதற்கு மாறினாலே சில தொழில்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாமல் போய்விடும். மாறிய பிறகு பழைய ரின் ஒன்று மூலையில் கிடந்தாலும் பரிசோதகர் எழுதிக்கொள்வார், ஆகவே எல்லாவற்றையும் அபாயக் கழிவாக ஒப்படைத்து ரசீதை வைத்திருங்கள்.

எரிபொருள். 250 லீற்றர், 2,500 லீற்றர் என்ற இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்திருங்கள். 10 புள்ளி வலயத்தில் தாங்கி நிலமட்டத்துக்குக் கீழே இருந்தால் 250க்கு மேல் கணக்கில் வரும். நிலத்துக்கு மேலே என்றால் 2,500க்கு மேல். பழைய கிராமத்து வீட்டின் பேஸ்மென்ற்றில் நிற்கும் சூடேற்றும் எண்ணெய்த் தாங்கி பொதுவாக 900 லீற்றர் அளவில் இருக்கும். பேஸ்மென்ற் நிலத்துக்குக் கீழே என்பதால் அது சிக்கும். புதிய பெற்றோல் நிலையத்தை 10 புள்ளியில் பெரும்பாலான திட்டங்கள் முற்றாகத் தடுக்கின்றன.

உப்பு. ஆலயம், கலியாண மண்டபம், கடைத்தொகுதி என்று பெரிய பார்க்கிங் உள்ள எதற்கும் குளிர்காலத்தில் கொட்டும் உப்பைப் பற்றிக் கேள்வி வரும். உப்பு மண்ணில் வடிபடாது, நேரே கிணற்றுக்குப் போகும்.

செப்ரிக். இதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறோம்.

"பழைய உரிமையாளர் செய்தார்தானே" என்ற வாதம் பாதிதான் எடுபடும். திட்டங்கள் ஏற்கெனவே நடக்கும் செயலையும் புதிதாகத் தொடங்கும் செயலையும் பிரித்துப் பார்க்கின்றன. ஏற்கெனவே நடப்பதற்கு நிபந்தனையோடு இடம் கொடுத்துவிட்டு, அதே செயலைப் புதிதாகத் தொடங்குவதைத் தடுத்திருப்பார்கள். மூடிக்கிடக்கும் கராஜை மலிவாக வாங்குபவர் அந்தத் திட்டத்தில் 'ஏற்கெனவே நடப்பது' என்பதற்கு என்ன வரையறை என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

4. 59ஆம் பிரிவு அறிவித்தலை எடுங்கள்

ஒவ்வொரு நகரசபைக்கும் 'றிஸ்க் மனேஜ்மென்ற் ஒஃபிஷல்' என்றொரு அலுவலர் உண்டு. யோர்க், பீல் போன்ற இடங்களில் அவர் பிராந்திய அரசில் இருப்பார். சிறிய ஊர்களில் அந்தப் பொறுப்பை, ஆற்றுப் படுகைகளைப் பராமரிக்கும் கன்சர்வேஷன் ஒதோறிற்றியிடம் கொடுத்திருப்பார்கள். நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து "59ஆம் பிரிவு அறிவித்தலுக்கு யாரிடம் போவது" என்று கேட்டால் போதும்.

சட்டத்தின் 57ஆம் பிரிவு சில செயல்களை முற்றாகத் தடுக்கிறது. 58ஆம் பிரிவு, அபாயத்தை எப்படிக் கட்டுப்படுத்துவீர்கள் என்று எழுதிய அபாய முகாமைத் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டால் மட்டும் அனுமதிக்கிறது. 59, வாசலில் நிற்கும் காவல். திட்டம் குறிப்பிட்ட நிலப் பயன்பாட்டுக்கு, அலுவலரின் அறிவித்தல் கையில் இல்லாமல் சோனிங் மாற்றமோ, தளத் திட்டமோ, பில்டிங் பெர்மிற்றோ நகரசபை கொடுக்க முடியாது. உங்கள் செயல் 57க்குள் விழுந்தால் அறிவித்தலே வராது. 58க்குள் விழுந்தால், முகாமைத் திட்டம் முடிந்த பிறகுதான் வரும். இரண்டிலும் விழாவிட்டால் "பொருந்தாது" என்ற கடிதம் வரும், அதுவும் உங்களுக்கு வேண்டிய கடிதம்தான். தனி வீடுகளுக்குப் பல திட்டங்கள் இந்தப் படியில் விலக்களித்திருக்கின்றன. கடை, ஆலயம், மண்டபம் என்றால் விலக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

கொண்டுபோகவேண்டியவை: முகவரியும் காணி றோல் இலக்கமும், கட்டடமும் பார்க்கிங்கும் வடிகாலும் காட்டும் தளப் படம், உள்ளே என்ன செய்யப்போகிறீர்கள் என்று அரைப் பக்கம், இரசாயனப் பட்டியல், ஒவ்வொன்றின் அளவும் பாதுகாப்புத் தரவுத் தாளும், எண்ணெய்த் தாங்கி இருந்தால் அதன் கொள்ளளவும் நிற்கும் இடமும். "சுத்தம் செய்யும் பொருட்கள், சிறிதளவு" என்று எழுதினால் பதில் வராது, கேள்விதான் திரும்பி வரும். பொருளின் முழுப் பெயரும் லீற்றரும் எழுதுங்கள்.

கட்டணம் நகரசபைக்கு நகரசபை மாறும். இலவசமாகச் செய்யும் இடங்களும் உண்டு.

நேரக் கணக்கில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கான பெர்மிற்றுக்கு 10 வேலைநாளில் பதில் சொல்லவேண்டும் என்று சட்டம் நகரசபையைக் கட்டுகிறது. ஆனால் அந்தக் கடிகாரம் விண்ணப்பம் முழுமையான பிறகுதான் ஓடத் தொடங்கும். 59 தேவைப்படும் காணியில் அது இல்லாத விண்ணப்பம் முழுமையற்றது. ஒப்பந்தகாரரை நாள் குறித்துக் கூப்பிட்டுவிட்டு இந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்கள் கொடுக்கும் தண்டம் கொஞ்சமல்ல.

5. ஒஃபரில் நிபந்தனை

59ஆம் பிரிவுக் கடிதம் வருமுன் ஒஃபர் போடவேண்டி வந்தால், அது கிடைத்தால்தான் வாங்குவேன் என்று நிபந்தனை போடுங்கள். வங்கிக் கடனுக்கும் வீட்டுப் பரிசோதனைக்கும் போடும் ஐந்து நாள் நிபந்தனை இதற்குப் போதாது. தொழிலுக்கான இடம் என்றால் 45 முதல் 60 நாள் கேளுங்கள். நிபந்தனையில் சட்டத்தின் பெயரையும் 59ஆம் பிரிவையும் உங்கள் தொழிலையும் குறிப்பிட்டு எழுதும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். "சோனிங் திருப்தியாக இருக்கவேண்டும்" என்ற பொது வரி உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் சோனிங் திருப்தியாகத்தான் இருக்கும்.

நடக்கும் தொழிலை வாங்குபவர், அந்த இடத்துக்கு முகாமைத் திட்டம் ஏற்கெனவே உண்டா என்று விற்பவரிடம் கேட்டுப் பிரதி பெறவேண்டும். அது சாவியோடு சேர்ந்து தானாகக் கை மாறாது. உங்கள் பெயருக்கு மாற்ற அலுவலரின் எழுத்துச் சம்மதம் எடுங்கள்.

6. செப்ரிக் உள்ள வீடு

ஒரு நாளைக்கு 10,000 லீற்றருக்குள் என்றால் செப்ரிக் கட்டடக் கோவையின் கீழ் வரும். அதற்கு மேல் போனால் மாகாணச் சுற்றாடல் அமைச்சின் அனுமதி வேண்டும். மண்டபம் கட்டுபவர்கள் இந்த எல்லையைக் கணக்குப் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள்.

வீட்டுக்குக் கணக்கு ஆட்களை வைத்தல்ல, படுக்கையறைகளை வைத்து. 2 அறைக்கு ஒரு நாளைக்கு 1,100 லீற்றர், 3 அறைக்கு 1,600, 4 அறைக்கு 2,000, 5 அறைக்கு 2,500. வீட்டுத் தாங்கி இந்த அளவின் இரு மடங்கு இருக்கவேண்டும், ஆகக் குறைந்தது 3,600 லீற்றர். தாங்கியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் ஊறவிடும் வழக்கமான ஊறுகுழாய்ப் படுக்கையின் குழாய் நீளத்தை மீற்றரில் அறிய, நாளாந்த லீற்றரை மண் நீரை உறிஞ்சும் நேரத்தால் பெருக்கி 200ஆல் வகுக்கவேண்டும். அந்த நேரம் சென்ரிமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்பது.

இப்போது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைப் பாருங்கள். 3 அறை வீடு வாங்கி, பேஸ்மென்ற்றில் 2 அறை கட்டி வாடகைக்கு விடுவது. உறிஞ்சும் நேரம் 20 என்று வைத்தால், முன்பு 160 மீற்றர் குழாய் போதும். இப்போது 250 மீற்றர் வேண்டும். தாங்கி 3,600 போதியதாக இருந்தது. இப்போது 5,000 வேண்டும். 90 மீற்றர் கூடுதல் குழாய்க்குக் காணியில் இடமில்லை என்றால் பெர்மிற் வராது. பெர்மிற் இல்லாமல் கட்டினால் படுக்கை நிரம்பி, முதலில் புல்லு ஓரிடத்தில் மட்டும் கடும் பச்சையாகும், பிறகு காலடி பதியும், பிறகு மணக்கும். அந்தத் தண்ணீர் நகரத்துக் கிணற்றை நோக்கிப் போகிறது. புதுப் படுக்கை போட இருபதாயிரம் டொலருக்குமேல் எளிதில் ஆகும்.

இடைவெளிகள்: ஊறுகுழாய் வீட்டிலிருந்து 5 மீற்றர், காணி எல்லையிலிருந்து 3 மீற்றர், ஏரி ஆற்றிலிருந்து 15 மீற்றர், 6 மீற்றர் ஆழத்துக்கு நீர் புகாத உறை உள்ள கிணற்றிலிருந்து 15 மீற்றர், வேறு எந்தக் கிணற்றிலிருந்தும் 30 மீற்றர். பக்கத்து வீட்டுக் கிணறும் இதில் சேரும். அதை அளக்காமல் கீறிய படங்கள் ஏராளம்.

10 புள்ளி வலயத்தில் உள்ள செப்ரிக்குகளுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு. கடைசி அறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். தாங்கி உறிஞ்சிய ரசீதுகளையும் கேளுங்கள். அடிச் சேறும் மேலே மிதக்கும் கொழுப்பு ஆடையும் சேர்ந்து கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் உறிஞ்சவேண்டும். பொரித்த எண்ணெயையும் தேங்காய்ப்பூச் சக்கையையும் சிங்கில் ஊற்றும் வீட்டில் மேலாடை மளமளவென்று தடிக்கும், அது படுக்கைக் குழாய்க்குள் போனால் திரும்ப எடுக்க வழியில்லை. எண்ணெயை ஆறவிட்டு ரின்னில் ஊற்றிக் குப்பைக்குப் போடுங்கள். படுக்கையின் மேல் வாகனம் நிறுத்தவோ, கொட்டில் போடவோ, மரம் நடவோ கூடாது.

காணியில் பாவனையில்லாத பழைய கிணறு இருந்தால், உரிமம் உள்ள கிணற்று ஒப்பந்தகாரரைக் கொண்டு முறைப்படி அடைக்கவேண்டும். பலகை போட்டு மூடுவது அடைப்பதல்ல. திறந்த கிணறு மேல் அழுக்கை நேரே நிலத்தடி நீருக்குக் கொண்டுபோகும் குழாய்.

7. அபாய முகாமைத் திட்டத்தைப் பேசி முடித்தல்

58க்குள் விழுந்தவர்களுக்கு மட்டும் இந்தப் படி. இது பேச்சுவார்த்தை. வரும் முதல் வரைவில் அப்படியே கையெழுத்துப் போடவும் வேண்டாம், பதில் போடாமல் இருக்கவும் வேண்டாம். இழுத்தடித்தால் அலுவலர் தானே கட்டளையாகப் போட்டுவிடலாம். கட்டளையை ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம். கால எல்லை கடிதத்திலேயே அச்சிட்டிருக்கும்.

நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எழுதாதீர்கள். கராஜ் என்றால் பொதுவாகக் கேட்பது: தரை வடிகாலை அடைத்தல், எண்ணெய் பரல்களுக்குக் கீழே இரண்டாம் தட்டம், கசிவு உறிஞ்சும் பொருள், ஊழியர் பயிற்சிக் குறிப்பு, கழிவு எடுத்த ரசீதுகள். பார்க்கிங் என்றால்: எவ்வளவு உப்பு, எந்த நாளில், யார் போட்டார் என்ற பதிவு, உப்புக் குவியல் கூரைக்குக் கீழே, நீர் புகாத தரையில், பயிற்சி பெற்ற பனி அகற்றும் ஒப்பந்தகாரர்.

உப்பைக் குறைப்பதற்கு ஆகச் சிறந்த வழி கட்டடத்திலேயே இருக்கிறது. கூரை நீர்க் குழாய் நடைபாதைக்குக் குறுக்கே வடிந்தால் இரவில் உறைந்து, விடிய விடிய உப்புக் கொட்டவேண்டியிருக்கும். குழாயைப் புல்லுப் பக்கம் திருப்பினால் அந்த இடத்துக்கு உப்பே வேண்டாம். பனியைக் குவிக்கும் இடத்தைப் பார்க்கிங்கின் மேட்டில் வைக்காமல் பள்ளப் பக்கம், வடிகாலுக்கு அருகே வையுங்கள். இல்லாவிட்டால் பகலில் உருகி முழுத் தரையிலும் ஓடி மறுபடி உறையும்.

8. மேலதிகமாகத் தேவைப்படக்கூடியவை

ரொறொன்ரோவுக்கு வடக்கே ஓடும் ஓக் றிட்ஜஸ் மொறெய்ன் மேட்டில் காணி என்றால் தனித் திட்டம் ஒன்று உண்டு. ஈரநிலம், ஓடை போன்றவற்றிலிருந்து ஆகக் குறைந்தது 30 மீற்றருக்குத் தாவரப் பகுதியைத் தொடக்கூடாது. 120 மீற்றருக்குள் கட்டுவதற்கு ஆய்வறிக்கை கேட்பார்கள். ஓடைப் பள்ளம், வெள்ளப் பரப்பு, ஈரநிலத்துக்கு 30 மீற்றருக்குள் என்றால் கன்சர்வேஷன் ஒதோறிற்றியின் பெர்மிற்றும் வேண்டும். 59ஆம் பிரிவுக் கடிதம் இருக்கிறதென்று இதை விடமுடியாது. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே தளப் படத்தோடு, ஒரே கிழமையில் கொடுங்கள். படங்கள் வேறுபட்டால் இரு பக்கமும் நிறுத்திவைப்பார்கள்.

9. திறந்த பிறகு

பரிசோதகர் வருவார். ஒரு கோப்பில் முகாமைத் திட்டம், உப்புப் பதிவு, கழிவு ரசீது, பயிற்சிக் கையொப்பம் நான்கையும் வைத்து, கல்லாவுக்குக் கீழே வையுங்கள். உரிமையாளர் ஊரில் இல்லாத நாளில் வந்தாலும் ஊழியர் எடுத்துக் காட்டட்டும். புது இரசாயனம் வாங்குமுன், கூடுதல் தாங்கி வைக்குமுன் அலுவலருக்கு மின்னஞ்சல் போடுங்கள்.

எண்ணெயோ இரசாயனமோ நிலத்தில் கொட்டினால் தண்ணீர் அடித்துக் கழுவக்கூடாது. வடிகால் வாயை முதலில் மூடி, உறிஞ்சும் பொருளைப் போட்டு, மாகாணத்தின் கசிவு அறிவிப்பு மையத்தை 1-800-268-6060இல் உடனே அழையுங்கள். எத்தனை மணிக்கு, எது, எத்தனை லீற்றர், எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்பார்கள். முகவரியோடு கிணற்று வலயத்தின் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.